பலூனில் போன பெட்டி பத்திரமா திரும்பணும்... ஹோமி பாபாவும் பாராசூட்டும்: ஒரு சின்ன விளக்கம்

அணுசக்தி என்றதும் நினைவுக்கு வரும் பெயர் ஹோமி பாபா. ஆனா, அணு உலைகளுக்கு முன்னாடியே அவர் மனம் போனது வானத்துக்கு. பலூனில் கருவியைக் கட்டி உயரே அனுப்பி, அதை உடையாமல் தரையில் இறக்கும் வேலை அது. இன்று கல்லூரி மாணவர்கள் செய்யும் பலூன் புராஜெக்ட்டுகளிலும் தலைவலி இதே பாராசூட்தான்.

திருச்சிக்கும் இந்தக் கதைக்கும் என்ன தொடர்பு?

பாபா 1909 அக்டோபர் 30 அன்று மும்பையில் வசதியான பார்சி குடும்பத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்தார். விண்வெளியில் இருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதி, துகள் மழையாகப் பெருகுவது எப்படி என்பதை 1937ல் ஹைட்லருடன் சேர்ந்து கணக்கிட்டுக் காட்டினார். 1939ல் விடுமுறைக்கு ஊர் வந்தார். உலகப் போர் தொடங்கியது, திரும்பிப் போக முடியவில்லை.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே இயற்பியல் துறையை நடத்திக்கொண்டிருந்தவர் நம்ம சி.வி.ராமன். ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் திருவானைக்காவலில் 1888ல் பிறந்தவர். கதிர்களை ஆராய பாபாவுக்குத் தனிப் பிரிவே அமைந்தது.

ஏன் தென்னிந்தியா?

பூமியின் காந்தப்புலம் காஸ்மிக் கதிர்களை வளைத்துவிடும். பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. அங்கே பலவீனமான கதிர்கள் உள்ளே வர முடியாது, ஆற்றல் அதிகமானவை மட்டும்தான் வரும். இயற்கையே வைத்த சல்லடை என்று சொல்லலாம். இதற்காகவே அமெரிக்காவின் மில்லிகன் குழு 1939-40 குளிர்காலத்தில் இந்தியா வந்து, பெங்களூரு உட்பட சில ஊர்களில் பலூன் விட்டது. அந்தக் குழுவில் இருந்த பிக்கரிங் பிற்காலத்தில் நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்துக்கே தலைவரானார்.

1945ல் பாபா டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தைத் தொடங்கினார். முதலில் ரப்பர் பலூன்களைக் கொத்தாகக் கட்டி அனுப்பினார்கள். பிறகு 1950களில் பெரிய பிளாஸ்டிக் பலூன்களைக் கழகத்திலேயே தயாரிக்கத் தொடங்கினார்கள். வெளிநாட்டில் வாங்கி வந்து ஒட்டவைப்பதைவிட நாமே செய்து பழகணும் என்பது பாபாவின் பிடிவாதம். அது சரியான பிடிவாதம் என்றே இன்று தோன்றுகிறது.

பாராசூட் ஏன் அவ்ளோ முக்கியம்?

அந்தக் காலத்தில் பலூனில் போனவற்றில் முக்கியமானது தடிமனான புகைப்படப் பசைத் தகடு. கதிர் ஊடுருவினால் அதில் தடம் விழும். தரைக்கு வந்து, கழுவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் தெரியும். ரேடியோவில் அனுப்பிவிட முடியாது. பெட்டி குளத்தில் விழுந்தாலோ, பாறையில் மோதி நொறுங்கினாலோ மாதக்கணக்கான உழைப்பு போச்சு.

சரி, வீட்டிலேயே பாராசூட் செய்ய முடியுமா? முடியும், கணக்கு சரியா இருந்தால். 1 கிலோ பெட்டி வினாடிக்கு சுமார் 5 மீட்டர் வேகத்தில் தரையைத் தொட, விரித்தால் ஏறக்குறைய 1 மீட்டர் விட்டம் வரும் துணி போதும். எடை 4 மடங்கானால் விட்டம் 2 மடங்கு. குடைத் துணி மாதிரி காற்று புகாத நைலான் நல்லது. கயிறுகள் எல்லாம் ஒரே நீளம், குறைந்தது பாராசூட்டின் விட்டம் அளவுக்காவது வேணும். ஒன்று குட்டையா போனாலும் சாய்ந்து சுழலும்.

உச்சியில் சின்ன ஓட்டை கட்டாயம். 1797ல் பாரிஸில் பலூனில் இருந்து குதித்த கார்னெரின் ஓட்டை இல்லாத பாராசூட்டில் ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இறங்கினார். உள்ளே சிக்கிய காற்று ஓரம் வழியாக மாறி மாறி வெளியேறியதுதான் காரணம்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. 30 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி தரையில் இருப்பதில் 60ல் ஒரு பங்குக்கும் குறைவு. பாராசூட் இருந்தும் பெட்டி அங்கே சுமார் 8 மடங்கு வேகத்தில் விழும், கீழே வரவரத்தான் நிதானமாகும். அதனால் மடித்து வைக்காமல், பலூனுக்கும் பெட்டிக்கும் நடுவில் தொங்கவிட்டே அனுப்புவார்கள்.

திருச்சியில் விடுவதாக இருந்தால் விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது, முன் அனுமதி இல்லாமல் நினைக்கவே கூடாது. ஸ்ரீரங்கம் பக்கம் இறங்கினால் ஒருபுறம் காவிரி, மறுபுறம் கொள்ளிடம். மிதக்கிற பெட்டியும் பளிச்சென்ற நிறமும் அவசியம்.

1966 ஜனவரி 24 அன்று ஏர் இந்தியாவின் கஞ்சன்ஜங்கா விமானம் ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளாங்கில் மோதியது. அதில் இருந்த பாபாவுக்கு வயது 56.

அவர் தொடங்கிவைத்த பலூன் வேலை ஹைதராபாத்தில் தொடர்கிறது. அங்கே பலூன் விடும் சமயத்தில், சுற்றியுள்ள மாவட்ட மக்களுக்கு அறிவிப்பு போகும்: வண்ணப் பாராசூட்டில் பெட்டி இறங்கியிருந்தால் தொடாதீங்க, திறக்காதீங்க, அதில் எழுதியிருக்கும் முகவரிக்கோ அருகில் உள்ள போலீஸ் நிலையத்துக்கோ தகவல் சொல்லுங்க.