தாழ அமர்ந்து நோக்கிய கலைஞர்

திரைப்படத்தில் காமிராவை எங்கே நிறுத்துவது என்பது வெறும் வசதியைப் பொறுத்ததன்று. மேலிருந்து நோக்கினால் மாந்தர் சிறுத்துத் தோன்றுவர்; கீழிருந்து அண்ணாந்து நோக்கினால் அச்சுறுத்தும் பேருருக் கொள்வர். காமிராவைத் தாழ வைத்தும் எவரையும் பேருருவாக்காது, ஒப்ப நோக்கியவர் ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓஸு ஆவார்.

இவர் 1903ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் டோக்கியோவில் பிறந்தார். தந்தையார் உர வணிகர். 1913இல் தாயும் மக்களும் மட்ஸுசாகா என்னும் ஊருக்குக் குடிபெயர, தந்தையார் தொழிலின் பொருட்டுத் தலைநகரிலேயே தங்கினார். பிழைப்புக்காகக் குடும்பம் ஈரூராய்ப் பிரிவதை ஓஸு இளமையிலேயே கண்டவர்.

1923இல் ஷோசிகு படநிறுவனத்தில் காமிரா உதவியாளராகச் சேர்ந்து, 1927இல் இயக்குநரானார். சீனத்தில் போர்வீரராகவும், 1943 முதல் சிங்கப்பூரில் படப்பணிக்கென அனுப்பப்பட்டவராகவும் இருந்து, 1946இல் தாயகம் மீண்டார்.

மரபான ஜப்பானிய இல்லங்களில் பாய் பரப்பிய தரையில் அமர்ந்தே உண்பர், உரையாடுவர். அங்கே நின்ற உயரத்தில் வைத்த காமிரா, வாயிலில் நிற்கும் அயலானைப்போல் அவர்களைக் குனிந்து நோக்கும். ஓஸுவோ குட்டையான தாங்கியில் அதனைத் தரையை ஒட்டி நிறுத்தினார். பிற்காலத்தில் அதனை நகர்த்துவதையும் அறவே குறைத்தார். ஆகவே, படம் காண்போர் அப்பாயில் ஓர் ஓரமாக அமர்ந்த விருந்தினராயினர்.

1953இல் வெளிவந்த டோக்கியோ கதை இதற்குச் சான்று. ஓனோமிசி என்னும் ஊரிலிருந்து முதியோர் இருவர் டோக்கியோவிலுள்ள மக்களைக் காண ரயிலேறி வருகின்றனர். மருத்துவரான மகனுக்கும் அழகு நிலையம் நடத்தும் மகளுக்கும் நேரமில்லை. போரில் கணவனை இழந்த மருமகளே அவர்களை அன்புடன் பேணுகிறாள். ஊர் திரும்பியதும் தாய் இறந்துபடுகிறாள். காமிரா மேலிருந்து நோக்கியிருப்பின் முதியோர் வெறும் இரக்கப் பொருளாயிருப்பர். அண்ணாந்து நோக்கியிருப்பின் மக்கள் கொடியோராய்த் தோன்றியிருப்பர். ஒப்ப நோக்கியதால், குற்றவாளி எவருமில்லை. அம்மக்களிடத்தே நம்மையே காண்கிறோம்.

மணம் புரியாது அன்னையாருடனேயே வாழ்ந்தவர் ஓஸு. 1962இல் அன்னையார் மறைந்தார். மறு ஆண்டு, தமது அறுபதாம் பிறந்தநாளன்றே, புற்றுநோயால் இவரும் மறைந்தார். காமாகுராவிலுள்ள கல்லறையில் இன்மை எனப் பொருள்படும் ஓரெழுத்தே பொறிக்கப்பட்டுள்ளது.

ஊர்விட்டு வந்து வாழும் நம் இல்லங்களுக்கும் பெற்றோர் ரயிலேறி வருகின்றனர். நாமோ அலுவலகத்துக்குப் புறப்படும் அவசரத்தில், நின்றவாறே நலம் உசாவுகிறோம். அவர்களருகே பாயில் சிறிது நேரம் அமர்வோமாக!