ஜேம்ஸ் ஆண்டர்சன் (மருத்துவர்)

ஜேம்ஸ் ஆண்டர்சன் (1738 - 1809) சென்னையில் வாழ்ந்த ஸ்காட்லாந்திய மருத்துவரும் தாவரவியலாளரும் ஆவார். சாயப்பூச்சி வளர்ப்பதற்காகச் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் ஒன்றை அமைத்தவர் என்ற வகையில் இவர் பெரிதும் அறியப்படுகிறார்.

வாழ்க்கைச் சுருக்கம்

எடின்பரோ நகருக்கு அருகிலுள்ள லாங் ஹெர்மிஸ்டனில் பிறந்த இவர், எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். கிழக்கிந்தியக் கம்பனியின் பணியில் சேர்ந்து, 1765 இல் சென்னையில் உதவி அறுவை மருத்துவரானார். 1786 இல் தலைமை மருத்துவர் பதவியைப் பெற்றார். நுங்கம்பாக்கத்தில் இவர் உருவாக்கிய பெருந்தோட்டத்தில் பயன்தரும் அயல்நாட்டுச் செடிகளை வளர்த்துப் பார்த்தார். பட்டுப்புழு வளர்ப்புக்காக முசுக்கொட்டைச் செடியையும் பரப்பினார்.

கள்ளித் தோட்டம்

அக்காலத்தில் சிவப்புச் சாயம் தரும் காச்சினீல் பூச்சியின் வணிகம் எசுப்பானியரின் கையில் இருந்தது. மெக்சிக்கோவில் சப்பாத்திக்கள்ளியின் மீது வளரும் இப்பூச்சிகளை உலர்த்தியே சாயம் எடுக்கப்பட்டது. ஒரு கிலோகிராம் சாயப்பொருளுக்கு ஏறத்தாழ 1,50,000 பூச்சிகள் தேவைப்பட்டன.

1786 இல் சென்னையில் புல்லின் மீது கண்ட ஒரு செதிற்பூச்சியைக் காச்சினீல் இனம் என்று கருதிய ஆண்டர்சன், அதுபற்றி சர் ஜோசப் பேங்க்சுக்குக் கடிதங்கள் எழுதினார். அப்பூச்சி சாயத்துக்கு உதவவில்லை. எனினும் கம்பனி இம்முயற்சியில் ஆர்வம் கொண்டது. கியூ தோட்டத்திலிருந்து நோபால் எனப்படும் கள்ளிவகை வரவழைக்கப்பட்டது. உறைபனி விழும் இங்கிலாந்தில் கண்ணாடிக் கூடத்திலன்றி வாழ இயலாத இச்செடி, சென்னையில் திறந்தவெளியிலேயே செழித்தது. இவரது உறவினரான மருத்துவர் ஆண்ட்ரூ பெரி இத்தோட்டத்தை மேற்பார்வையிட்டார். நோபால் இலைத்தண்டைக் கப்பற்பயணிகளுக்கு உணவாகக் கொடுத்தால் ஸ்கர்வி நோயைத் தடுக்கலாம் என்றும் ஆண்டர்சன் பரிந்துரைத்தார்.

1795 இல் காப்டன் நீல்சன் என்பவர் ரியோ டி ஜெனீரோவிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சிகளைக் கொண்டுவந்தார். அங்கிருந்து அவை சென்னையை அடைந்தன. ஆனால் வந்தது மெக்சிக்கோவின் வளர்ப்பினம் அன்று. தரம் குறைந்த சாயம் தரும் காட்டினமே ஆகும். எனவே எதிர்பார்த்த வணிகம் கைகூடவில்லை.

பிற்கால விளைவு

சாயத்துக்கு உதவாத இப்பூச்சி, இந்தியாவில் வேலியாகப் பரவியிருந்த ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியை உறிஞ்சி அழித்தது. இதனைக் கண்டு 1836 - 1838 காலப்பகுதியில் வட இந்தியாவிலிருந்து தென்னிந்தியாவுக்கும், 1865 க்கு முன்னர் இலங்கைக்கும் இது வேண்டுமென்றே கொண்டு செல்லப்பட்டது. களைச்செடியைப் பூச்சியால் கட்டுப்படுத்திய தொடக்ககால முயற்சிகளுள் இது முதன்மையானது. எனினும் நாகதாளி எனப்படும் மற்றொரு கள்ளியினத்தை இப்பூச்சி அழிக்கவில்லை. அதற்காக 1926 இல் வேறொரு காச்சினீல் இனம் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு வந்தது.

மறைவு

ஆண்டர்சன் 1809 இல் சென்னையில் காலமானார். பிரான்சிசு சான்ட்ரி வடித்த இவரது நினைவுச் சிற்பம் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் உள்ளது. நுங்கம்பாக்கத்திலுள்ள ஆண்டர்சன் சாலை இவரது பெயரைத் தாங்கியுள்ளது.