கைலாசு சந்திர மகிந்திரா

கைலாசு சந்திர மகிந்திரா (1894 – 1963) இந்தியத் தொழிலதிபர், இதழாசிரியர், நூலாசிரியர். மகிந்திரா அண்டு மகிந்திரா நிறுவனத்தை உருவாக்கியவர்களுள் ஒருவர். கே. சி. மகிந்திரா என்று பரவலாக அறியப்படுகிறார். நான்கு உருளைப் பொறியும், நான்கு சக்கரங்களையும் இயக்கும் அமைப்பும் கொண்ட ஜீப் வண்டி இவரது காலத்தில் இந்தியாவில் பூட்டப்பட்டது; பின்னர் இங்கேயே உற்பத்தியும் செய்யப்பட்டது. சாலையற்ற இடங்களில் வேலை செய்வதற்கென்று கொண்டுவரப்பட்ட அவ்வண்டியே, பின்னாளில் ஓட்டுவதில் ஆர்வமுடையோர் விரும்பித் தேடும் வண்டிகளுக்கு இந்தியாவில் முன்னோடியாக அமைந்தது.

இளமையும் கல்வியும்

இவர் பஞ்சாபிலுள்ள லூதியானாவில் 1894 ஆம் ஆண்டு பிறந்தார். தந்தை இளம் வயதிலேயே காலமானதால், குடும்பப் பொறுப்பை மூத்தவரான ஜகதீசு சந்திர மகிந்திரா ஏற்றார். கைலாசு சந்திரர் இலாகூர் அரசுக் கல்லூரியிலும் பின்னர் இங்கிலாந்தின் கேம்பிரிட்சு பல்கலைக்கழகத்திலும் பயின்றார்.

தொடக்ககாலப் பணிகள்

கல்வி முடித்த பின் கொல்கத்தாவின் மார்ட்டின் நிறுவனத்தில் பணியாற்றினார். இந்துத்தான் ரிவியூ என்னும் இதழின் ஆசிரியராகவும் இருந்தார். மார்ட்டின் நிறுவனத்தை வளர்த்தெடுத்த பொறியாளர் சர் இராசேந்திரநாத் முகர்சியின் வாழ்க்கை வரலாற்றை எழுதி 1933 இல் வெளியிட்டார்.

அண்ணன் ஜகதீசு சந்திரர் டாட்டா எஃகு நிறுவனத்தில் விற்பனைப் பொறுப்பில் இருந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது இந்திய அரசின் எஃகுக் கட்டுப்பாட்டு அலுவலராக அவர் நியமிக்கப்பட்டார். ஒருவருக்கு எஃகு வாணிகமும் மற்றவருக்குப் பொறியியல் நிறுவன நிருவாகமும் கைவந்திருந்தமை பின்னர் இருவரும் இணைந்து தொழில் தொடங்கத் துணையாயிற்று.

அமெரிக்கப் பயணமும் ஜீப் வண்டியும்

1942 இல் ஐக்கிய அமெரிக்காவில் இருந்த இந்திய அரசின் கொள்முதல் குழுவுக்குக் கைலாசு சந்திரர் தலைமையேற்றார். அங்கிருந்த காலத்தில் வில்லிசு-ஓவர்லாந்து நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் பார்னி ரூசைச் சந்தித்தார்.

1940 இல் அமெரிக்கப் படைத்துறை எடை குறைந்த உளவு வண்டி ஒன்றைக் கோரியபோது பேண்டம், வில்லிசு, போர்டு ஆகிய நிறுவனங்கள் மாதிரிகளை அளித்தன. வில்லிசு வண்டியின் வலிமை அதன் பொறியில் இருந்தது. சிலிண்டர் எனப்படும் உருளைகள் நான்கு கொண்ட 2.2 லிட்டர் பொறி அது. ஏற்கெனவே இருந்த 48 குதிரைத்திறன் பொறியைப் படிப்படியாகத் திருத்தி 60 குதிரைத்திறன் தரும்படி ரூசு செய்திருந்தார். நிமிடத்திற்கு ஏறத்தாழ 2000 சுற்றுகளிலேயே பொறியின் முழு முறுக்கு விசையும் கிடைத்ததால், மெதுவாக ஏறும்போதும் வண்டி திணறவில்லை. போர்க்காலத்தில் வில்லிசும் போர்டும் சேர்ந்து 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன.

போர் முடிந்தபின் இவ்வண்டிக்குப் பயன் இருக்குமா என்னும் ஐயம் அமெரிக்காவிலேயே நிலவியது. வில்லிசு நிறுவனம் 1945 இல் உழவர்களுக்கென்று குடிசார் ஜீப்பை வெளியிட்டது. நல்ல சாலைகள் குறைந்த இந்தியாவுக்கும் இத்தகைய வண்டி பொருந்தும் என்று மகிந்திரா உடன்பிறப்புகள் கருதினர்.

நிறுவனத்தின் தோற்றமும் நாட்டுப் பிரிவினையும்

1945 அக்டோபர் 2 அன்று மகிந்திரா அண்டு முகமது நிறுவனம் எஃகு வாணிகத்துக்காகத் தொடங்கப்பட்டது. மூன்றாம் பங்காளி மாலிக் குலாம் முகமது ஆவார். கைலாசு சந்திரர் 1946 இல் மார்ட்டின் நிறுவனத்திலிருந்து விலகி இதில் சேர்ந்தார். அதே காலத்தில் இந்திய நிலக்கரிப் புலங்கள் குழுவின் தலைவராகவும் இருந்தார். அக்குழுவின் அறிக்கை 1946 இல் வெளியானது. தானுந்து, இழுவை இயந்திரத் தொழில்களுக்கான அரசுக் குழுவுக்கும் இவர் தலைமை வகித்தார்.

தொழில் வேரூன்றும் முன்பே 1947 இல் நாடு பிரிக்கப்பட்டது. குலாம் முகமது பாக்கித்தான் சென்று அந்நாட்டின் முதல் நிதி அமைச்சரானார். 1951 முதல் 1955 வரை தலைமை ஆளுநராகவும் இருந்தார். 1948 இல் நிறுவனம் மகிந்திரா அண்டு மகிந்திரா என்று பெயர் மாற்றம் பெற்றது. முதலெழுத்துகள் மட்டும் மாறாமல் நின்றன.

பூட்டுதலிலிருந்து உற்பத்திக்கு

1940களின் இறுதியில், பிரித்த பாகங்களாகக் கப்பலில் வந்த 75 ஜீப்புகள் மும்பையின் மசகானில் பூட்டப்பட்டன. 1951 இல் ஜகதீசு சந்திரர் மறைந்தார். அண்ணனை அடுத்துத் தலைமைப் பொறுப்பேற்ற கைலாசு சந்திரர் 1963 வரை நிறுவனத்தை நடத்தினார்.

1953 இல் நடுவண் அரசு, பாகங்களை இறக்குமதி செய்து பூட்டுவதோடு நிற்கும் தானுந்து நிறுவனங்கள் நீடிக்க இயலாது என்று முடிவு செய்தது. உள்நாட்டு உற்பத்தித் திட்டம் உள்ளவர்களுக்கே இடமளிக்கப்பட்டது. செனரல் மோட்டார்சு, போர்டு ஆகிய பெரு நிறுவனங்கள் இந்தியாவை விட்டு வெளியேறின. மகிந்திரா நிறுவனமோ 1954 இல் வில்லிசுடன் தொழில்நுட்ப, நிதி ஒப்பந்தம் செய்துகொண்டு ஜீப் உற்பத்தியில் இறங்கியது. கப்பலில் வரும் பெட்டியை எதிர்பார்க்காமல் பொறி முதல் அச்சு வரை இங்கேயே செய்யவேண்டிய நிலை ஏற்பட்டது. பிற்காலத்தில் இந்திய ஊர்களில் ஜீப் பாகங்கள் எளிதில் கிடைத்ததற்கு இதுவே அடிப்படை.

கரிசல் நிலத்தில் நாற்சக்கர இயக்கம்

நான்கு சக்கரங்களும் இயங்குவதன் பயனை அறியத் தமிழ்நாட்டின் சங்கரன்கோவில் வட்டாரம் நல்ல எடுத்துக்காட்டாகும். இப்பகுதியின் பெரும்பரப்பு மானாவாரிக் கரிசல் நிலமாகும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் இம்மண், ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பிக் களியாகிச் சக்கரங்களில் அப்பிக்கொள்ளும். பின்சக்கரங்கள் மட்டும் இயங்கும் வண்டியில் ஒரு சக்கரம் வழுக்கத் தொடங்கினால் பொறியின் ஆற்றல் அச்சக்கரத்தின் வீண் சுழற்சியிலேயே கழியும். வண்டி நின்ற இடத்திலேயே புதையும்.

ஜீப்பில் பல்லிணைப் பெட்டிக்கு அடுத்துத் துணைப்பெட்டி ஒன்று உண்டு. ஒரு நெம்புகோல் முன் அச்சையும் இயக்கத்தில் சேர்க்கும். மற்றொன்று வேகத்தைக் குறைத்து இழுவிசையை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கும். பின்சக்கரம் வழுக்கினாலும் முன்சக்கரம் வண்டியை இழுத்துச் செல்லும். ஆயினும் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் ஒரே நேரத்தில் பிடிப்பிழந்தால் ஜீப்பும் நின்றுவிடும். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடக் கூடுதல் தொலைவு செல்வதால், உலர்ந்த தார்ச் சாலையில் முன் அச்சைச் சேர்த்து ஓட்டினால் பாகங்கள் தேயும். எனவே எப்போது சேர்ப்பது, எப்போது விடுப்பது என்பதை ஓட்டுநர் அறிந்திருக்க வேண்டும். இக்காலத் தானுந்துகளில் காணப்படும் முழுநேர அனைத்துச் சக்கர இயக்கம் இவ்வேலையைத் தானாகவே செய்கிறது.

தமிழ்நாட்டில் வருவாய்த்துறை, காவல்துறை, வனத்துறை அலுவலர்களின் வண்டியாகவும், தேர்தல் காலத்தில் வேட்பாளர்கள் நின்றபடி வாக்குக் கேட்கும் திறந்த வண்டியாகவும் ஜீப் அறியப்பட்டது. கம்பம், போடி வழியாக ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் வேலையும் அதற்கு வாய்த்தது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் செல்லும் கரடுமுரடான பாதையில் சுற்றுலாப் பயணிகள் ஜீப்பிலேயே செல்கின்றனர்.

பிற பொறுப்புகளும் மறைவும்

இந்திய சேம வங்கி, ஏர் இந்தியா, இந்துத்தான் எஃகு நிறுவனம் ஆகியவற்றின் இயக்குநராகக் கைலாசு சந்திரர் பணியாற்றினார். 1953 இல் நிறுவிய கே. சி. மகிந்திரா கல்வி அறக்கட்டளை, வெளிநாட்டில் மேற்படிப்புப் பயிலும் மாணவர்களுக்கு வட்டியில்லாக் கடன் உதவித்தொகை வழங்கி வருகிறது.

1963 இல் இவர் மறைந்தபின் மகன் கேசுப் மகிந்திரா தலைவரானார்; 2012 வரை அப்பொறுப்பில் இருந்தார். அவருக்குப் பின் ஜகதீசு சந்திரரின் பேரன் ஆனந்து மகிந்திரா தலைவரானார்.

ஆர்வலர்களிடையே ஏற்பட்ட வரவேற்பு

கைலாசு சந்திரரின் மறைவுக்குப் பின் ஜீப் பல ஆண்டுகள் பெரிய மாற்றமின்றி விற்கப்பட்டது. இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் வாங்குவோருக்கு வேறு தேர்வு அரிதாக இருந்ததும் இதற்கு ஒரு காரணம். 1979 இல் பெசோ நிறுவனத்துடன் செய்த உடன்பாட்டினால் நான்கு உருளை டீசல் பொறிகள் வந்தன. விலையைக் குறைப்பதற்காகப் பின்சக்கர இயக்கம் மட்டும் கொண்ட ஜீப்புகளும் விற்கப்பட்டன. எனவே ஆர்வலர்கள் படைத்துறை ஏலத்தில் விட்ட பழைய நாற்சக்கர இயக்க ஜீப்புகளைத் தேடி வாங்கிப் புதுப்பித்தனர். 1985 இல் மாருதி நிறுவனம் வெளியிட்ட சிப்சியும் நான்கு உருளைப் பொறியும் நாற்சக்கர இயக்கமும் கொண்டதே. அதன் எடை குறைவு இமயமலை விரைவோட்டப் போட்டிகளில் அதற்குத் தனியிடம் பெற்றுத் தந்தது.

உலக அளவில் 1980 இல் வெளிவந்த ஆடி குவாட்ரோ, அனைத்துச் சக்கர இயக்கம் சேற்றுக்கு மட்டுமன்று, விரைவுக்கும் உரியது என்று காட்டியது. நான்கு உருளைப் பொறி கொண்ட லான்சியா டெல்டா வண்டிகள் 1987 முதல் 1992 வரை தொடர்ந்து 6 முறை லான்சியாவுக்கு உலக ராலி உற்பத்தியாளர் பட்டத்தை வென்று தந்தன. சுபாரு இம்பிரெசாவும் மிட்சுபிசி லான்சர் எவல்யூசனும் அவற்றைப் பின்தொடர்ந்தன.

இந்தியாவில் இவ்வார்வம் ஜீப்பின் வழியிலேயே பெரிதும் வளர்ந்தது. மகிந்திரா தார் 2010 இல் வெளிவந்தது. 2020 அக்டோபர் 2 அன்று, நிறுவனம் தொடங்கி 75 ஆண்டுகள் நிறைந்த நாளில், அதன் இரண்டாம் தலைமுறை விற்பனைக்கு வந்தது. 2 லிட்டர் கன்னெய்ப் பொறி, 2.2 லிட்டர் டீசல் பொறி ஆகிய இரண்டும் நான்கு உருளைகள் கொண்டவை. வண்டியில் தனி நெம்புகோலுடன் கூடிய நாற்சக்கர இயக்கமும் இருந்தது. 2023 இல் மாருதி சிம்னி வந்தது. இதே காலத்தில் எரிபொருள் சிக்கனம் கருதிச் சிறிய தானுந்துகளில் மூன்று உருளைப் பொறிகள் பெருகின. 2024 இல் மாருதி சுவிப்டும் நான்கிலிருந்து மூன்றுக்கு மாறியது. அதிர்வு குறைந்த நான்கு உருளைப் பொறியை ஆர்வலர்கள் கூடுதலாக மதிப்பதற்கு இதுவும் காரணமாயிற்று.

எனினும் 2023 இல் பின்சக்கர இயக்கம் மட்டும் கொண்ட தார் குறைந்த விலையில் விற்பனைக்கு வந்தது. தோற்றத்துக்காக வாங்குவோருக்கும் சேற்றில் ஓட்டுவதற்காக வாங்குவோருக்கும் இடையிலான வேறுபாட்டை அது வெளிப்படுத்தியது. கைலாசு சந்திரரின் காலத்தில் ஜீப்பை வாங்கியவர்கள் பெரும்பாலும் சாலையில்லாத ஊர்களுக்குச் செல்ல வேண்டியிருந்த அலுவலர்களும் படைத்துறையினரும் தோட்ட உரிமையாளர்களுமே. பின்வந்த தலைமுறையினர் சாலை நன்றாக இருந்தும் அதைவிட்டு இறங்குவதற்காக அவ்வகை வண்டியை வாங்குகின்றனர்.