ஒளி தந்த அன்னை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

வறுமையைக் கண்டு அஞ்சாது அறிவு வேள்வி நடத்திய பெருமக்களுள் தலையாயவர் மேரி கியூரி அம்மையார். அவர் உலகுக்கு ஒளி தந்தார். அதற்கு விலையாகத் தம் குருதியையே தந்தார்.

போலந்து நாட்டின் வார்சா நகரில் 1867ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், ஆசிரியர் குடும்பத்தில் பிறந்தார். பத்து வயதில் தாயைக் காசநோய்க்குப் பறிகொடுத்தார். அந்நாளில் அங்கே பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. அக்காள் புரோனியா பாரிசில் மருத்துவம் பயில, மேரி பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பணம் அனுப்பினார். பின்னர் அக்காளின் துணையோடு 1891இல் தாமும் பாரிசு சென்றார். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் என் கண்கள் கலங்கும். ஜவ்வாது மலையில் சாமை விதைக்கும் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன் நான். என் அக்காள் திருப்பூரில் பனியன் தைத்து அனுப்பும் பணத்தில்தான் படிக்கிறேன்.

1895இல் பியரி கியூரியை மணந்தார். 1898இல் இருவரும் பொலோனியம், ரேடியம் என்னும் தனிமங்களைக் கண்டறிந்தனர். ஒழுகும் கொட்டகையில் டன் கணக்கான தாதுவைக் காய்ச்சி, 1902இல் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் குளோரைடைப் பிரித்தெடுத்தார். 1903இல் இயற்பியலுக்கும், 1911இல் வேதியியலுக்கும் நோபல் பரிசு பெற்றார். இடையே 1906இல் கணவர் குதிரை வண்டியில் அடிபட்டு மாண்டார். முதல் உலகப் போரில், எக்ஸ்ரே கருவி பொருத்திய வண்டிகளுடன் மகள் ஐரீனையும் அழைத்துக்கொண்டு போர்முனைக்குச் சென்று, காயமுற்ற வீரர்களுக்குத் தொண்டாற்றினார்.

இருளில் ஒளிரும் ரேடியக் குழாய்களை அவர் குழந்தையைப் போல் நேசித்தார். அந்தக் கதிர்கள் உடலுள் செய்ததென்ன? நம் எலும்பு மஜ்ஜையில் குருத்தணுக்கள் உள்ளன. சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு யாவும் அவற்றின் வழித்தோன்றல்களே. ஒரு சிவப்பணு ஏறத்தாழ 120 நாட்களே வாழும். அதனால் குருத்தணு ஓயாது உழைக்க வேண்டும். பெருமளவு கதிர் பட்டால் குருத்தணு உடனே மடியும். சிறுகச் சிறுகப் பட்டாலோ அதன் மரபுப்பொருளில் பழுது தங்கிவிடும். அப்பழுது வழிவழியாகத் தொடர்ந்து, பல்லாண்டு கழித்து மஜ்ஜை வற்றிப்போகலாம். அல்லது இரத்தப் புற்றுநோயாக மாறலாம். விதைநெல் கெட்டால் வரும் போகமெல்லாம் கெடுவது போன்றதே இது.

அம்மையாரின் மஜ்ஜை வற்றியது. 1934ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், 66ஆம் வயதில், மஜ்ஜை வற்றியதால் வந்த சோகை நோயால் மறைந்தார். மகள் ஐரீனும் 1956இல் இரத்தப் புற்றுநோயால் மறைந்தார். 1995இல் அம்மையாரின் உடலைப் பாரிசின் பாந்தியன் மண்டபத்துக்கு மாற்றியபோது பேழையைச் சோதித்தனர். உள்ளே ரேடியம் குறைவாகவே இருந்ததால், போர்க்கால எக்ஸ்ரே கதிர்களே பெரிதும் காரணமாகலாம் என அறிஞர் கருதினர். அப்படியானால் வீரர்களைக் காத்த தொண்டே அவர் உயிரைக் குடித்தது எனலாம்.

1961இல் கனடாவின் டில், மெக்குல்லக் இருவரும், கதிர் பட்ட எலிகளுக்கு மஜ்ஜை அணுக்களைச் செலுத்திக் குருத்தணுவின் ஆற்றலை மெய்ப்பித்தனர். நம் மலைக்கு அருகிலுள்ள வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடைபெறுகிறது. அம்மையாரை மாய்த்த நோய்க்கும் இன்று அதனால் தீர்வு உண்டு.

தோழர்களே! நாம் படிக்க எங்கோ ஒருவர் தம்மைத் தேய்த்துக்கொள்கிறார். அதை மறவாது கற்போம். ஆய்வகத்தில் துணிவோடு எச்சரிக்கையும் கொள்வோம். கற்றதை நம்மைப் படிக்க வைத்தோருக்குப் பயன்படுத்துவோம். அதுவே அன்னைக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன்.