சோமமும் மோட்ச மருந்தும்: அல்டஸ் ஹக்ஸ்லியின் வாழ்க்கை

ஆங்கில நாவலாசிரியர் ஒருவர் தம் வாழ்நாளில் இரு மருந்துகளைக் கற்பனையிற் படைத்தார். ஒன்றிற்கு வேதகாலத்துச் சோமத்தின் பெயரைச் சூட்டினார். மற்றொன்றிற்கு மோட்சம் என்னும் பெயரைச் சூட்டினார். முன்னையது மக்களை மயக்கி அடிமையாக்குவது. பின்னையது அவர்களை விழிக்கச் செய்வது. இரண்டிற்கும் இடையே முப்பது ஆண்டுகள் கழிந்தன. அம் முப்பது ஆண்டுகளில் அவர் உள்ளத்தில் நிகழ்ந்த மாற்றத்தை அறிந்தாலன்றி அல்டஸ் ஹக்ஸ்லியை அறிந்தோமென்று கூறுதல் இயலாது என்பது என் துணிபு.

அவர் 1894 ஆம் ஆண்டு யூலைத் திங்கள் 26 ஆம் நாள் இங்கிலாந்தின் சரே மாவட்டத்தில் பிறந்தார். பாட்டனார் டார்வினின் கொள்கையை நிலைநாட்ட வாதிட்ட தோமஸ் ஹக்ஸ்லி. தாயாரின் பெரியதந்தையார் கவிஞர் மத்தியூ ஆர்னல்ட். விஞ்ஞானமும் கவிதையும் இருபுறமும் வந்து கூடிய குடி. ஆயினும் இளமையில் அவரைத் துன்பமே தொடர்ந்தது. பதினான்காம் வயதில் தாயாரைப் புற்றுநோய் கொண்டுசென்றது. பதினாறாம் வயதில் விழிநோய் கண்டு ஏறக்குறையக் குருடரானார். தடவிப் படிக்கும் பிரெயில் எழுத்தைக் கற்றார். மருத்துவம் பயில எண்ணியிருந்தவரின் எண்ணம் அத்துடன் முடிந்தது. 1914 இல், மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றுவந்த தமையனார் திரெவினன் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மனநோய்க்கு மருந்து யாது என்ற வினா, பிற்காலத்தில் அவர் நூல்களிற் கண்டெடுத்த வினா அன்று. வீட்டு வாயிலிலேயே நின்ற வினா.

பார்வை ஓரளவு திரும்பியபின் பூதக்கண்ணாடியின் துணையால் படித்து, ஒக்ஸ்போர்டில் ஆங்கில இலக்கியத்தில் முதல்வகுப்பில் தேறினார். சிறிது காலம் ஈட்டன் பாடசாலையில் ஆசிரியராகவும் இருந்தார். வகுப்பை அடக்கியாள அவரால் இயலவில்லை. கண் தெரியாத ஆசிரியரை மாணாக்கர் எவ்வாறு படுத்துவர் என்பதை எம்போன்றோர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அம் மாணாக்கருள் ஒருவரே பின்னாளில் ஜோர்ஜ் ஓர்வெல் எனப் புகழ்பெற்றவர். 1919 இல் பெல்ஜிய நங்கை மரியாவை மணந்தார்.

1932 இல் வெளிவந்த ‘துணிவுமிகு புத்துலகம்’ என்னும் நாவலிற்றான் சோமம் வருகின்றது. அங்கே அரசே மக்களுக்கு அதனைப் பகிர்ந்தளிக்கும். கவலை தோன்றினால் ஒரு வில்லை. ஐயம் தோன்றினால் இன்னொன்று. துன்பம் நீங்கும், துன்பத்தின் காரணம் நீங்காது. நோயை மூடிமறைப்பதும் நோயைத் தீர்ப்பதும் வேறு என்பதை இதனினும் கூர்மையாகக் காட்டிய கதை வேறொன்றை யான் படித்ததில்லை.

1937 இல் அமெரிக்காவிற் குடியேறினார். மறு ஆண்டில், சென்னை அடையாற்றில் வளர்ந்த ஜே. கிருஷ்ணமூர்த்தியின் நட்புக் கிட்டியது. ஹொலிவூட்டில் வேதாந்த சங்கம் நடத்திய சுவாமி பிரபவானந்தரிடமும் சென்றுவந்தார். இருபதுகளில் இந்தியாவைச் சுற்றிப்பார்த்து அதன் ஆன்மிகத்தை எள்ளி எழுதிய அதே கை, 1944 இல் கீதை மொழிபெயர்ப்பொன்றுக்கு முன்னுரை எழுதியது.

இந்நிலையில் 1953 மே மாதத்தில் ஹம்பிரி ஒஸ்மண்ட் என்னும் உளமருத்துவர் அவர் இல்லத்துக்கு வந்தார். கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணத்து வெய்பேர்ன் மனநோய் மருத்துவமனையிற் பணியாற்றியவர். பெயோட்டி என்னும் கள்ளியிலுள்ள மெஸ்கலின் உளப்பிளவு நோயை ஒத்த நிலையை உண்டாக்குகின்றதா என ஆராய்ந்துகொண்டிருந்தார். ஹக்ஸ்லி தம்மையே சோதனைக்கு ஒப்புக்கொடுத்து, ஒரு கிராமின் பத்தில் நான்கு பங்கை நீரிற் கரைத்து அருந்தினார். அல்டஸ் ஹக்ஸ்லியைப் பித்தராக்கியவன் என்ற பெயர் தமக்கு வந்துவிடுமோ என்று ஒஸ்மண்ட் அஞ்சியதாகக் கூறுவர். அவ்வாறு நிகழவில்லை. பூச்சாடியிலிருந்த மூன்று மலர்கள், நாற்காலியின் கால்கள், தாம் உடுத்திருந்த காற்சட்டையின் மடிப்பு ஆகியவை அன்றுதான் படைக்கப்பட்டவைபோல் அவருக்குத் தோன்றின. வாழ்நாள் முழுதும் கண்ணொளிக்கு ஏங்கியவருக்கு இது நேர்ந்ததை நினைக்குந்தோறும் என் நெஞ்சு உருகுகின்றது.

அவ்வனுபவத்தை 1954 இல் ‘புலனறிவின் வாயில்கள்’ என்னும் சிறுநூலாக எழுதினார். மூளை அறிவை உண்டாக்குவது மட்டுமன்று, பெருகிவரும் அறிவைத் தடுத்து அளவிட்டு விடுவதுமாகும் என்பது அதன் கருத்து. கந்தளாய்க் குளத்து மதகை எண்ணிப்பார்த்தால் எம் மாவட்டத்தார்க்கு இது எளிதில் விளங்கும். மதகு சிறிது திறந்தால் வயல் விளையும். முற்றத் திறந்தால் வயலே அழியும். மருந்தால் மதகு திறக்கும்போது அருகில் நிற்பவர் யார் என்பதே பெரிய கேள்வியாகின்றது.

ஒஸ்மண்டும் அவர் தோழர்களும் அதனைத் தம் தொழிலிற் கண்டனர். மதுவுக்கு அடிமையானோர்க்கு எல்.எஸ்.டி. கொடுத்து, குடிவெறியின் கடைசிப் பயங்கரத்தைப் போன்றதொன்றைக் காட்டி அச்சுறுத்தலாமென்றே தொடங்கினர். அச்சத்தினும் தம்மைத் தாமே தெளிவுறக் கண்டமையே நோயாளர்க்கு உதவியதென்று பின்னர் உணர்ந்தனர். ஆகவே அறை, துணையிருப்பவர், முன்னும் பின்னும் நிகழும் உரையாடல் ஆகியவையும் சிகிச்சையின் பகுதிகளாயின. அவர்கள் காட்டிய பலனைப் பிற மருத்துவர் ஐயுற்றனர் என்பதையும் கூறவேண்டும். இம் மருந்துவகைக்குப் பெயரிட இருவரும் கிரேக்கச் சொற்களைத் தேடினர். உளத்தை வெளிப்படுத்துவது என்னும் பொருளில் ஒஸ்மண்ட் ஆக்கிய ‘சைக்கடெலிக்’ என்பதே நிலைத்தது. சொல்லாக்கத்தில் வைத்தியர் வென்றார், இலக்கியகர்த்தா தோற்றார்!

எதிர்ப்பும் எழுந்தது. சுவாமி பிரபவானந்தர் இதனை ஏற்கவில்லை. ஒக்ஸ்போர்ட் பேராசிரியர் ஸேனர் 1957 இல் நூலெழுதிக் கண்டித்தார். சரியை, கிரியை, யோகம், ஞானம் எனப் படிமுறை வகுத்த சைவமரபில் வந்த எமக்கும் தூளிற் கரைந்து அருள் வருமோ என்ற ஐயம் உண்டு. ஆயின் ஹக்ஸ்லி அதனை முத்தியென்று கூறினாரல்லர். வேண்டாமலே கிடைக்கும் ஓர் உதவி, வீடுபேற்றுக்கு இன்றியமையாதது அன்று என்ற அளவிலேயே நின்றார். ஹார்வர்டில் திமொதி லீரி அதனை ஊரறியப் பரப்ப முற்பட்டபோது அடக்கத்தையே வற்புறுத்தினார்.

1955 பெப்ரவரியில் மரியா புற்றுநோயால் இறந்தார். ஹக்ஸ்லி படுக்கையருகே அமர்ந்து, தலையிற் கைவைத்து, பாலைவனத்தில் அவர் முன்பு கண்டு மகிழ்ந்த ஒளியை நினைவூட்டி, அதனுட் செல்லுமாறு மணிக்கணக்காக மெல்லப் பேசிக்கொண்டிருந்தார். மருந்து எதுவும் கொடுக்கவில்லை. துணைநிற்றலின் முழுவலிமையை அவர் அன்று கற்றார் என நினைக்கின்றேன். 1958 இல், இறக்கும் நிலையிலுள்ள புற்றுநோயாளர்க்கு எல்.எஸ்.டி. கொடுத்துப் பார்க்கலாமென ஒஸ்மண்டுக்கு எழுதினார்.

அவ்வெண்ணம் வீண்போகவில்லை. 1971 இல் உலகநாடுகளின் உடன்படிக்கை இம் மருந்துகளைக் கடுந்தடைக்கு உட்படுத்தியது. எனினும் 2016 இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 51 புற்றுநோயாளரிடத்தும், நியூயோர்க் பல்கலைக்கழகத்தார் 29 பேரிடத்தும், காளான்களிற் காணப்படும் சிலோசிபினை உளச்சிகிச்சையோடு கொடுத்து, அச்சமும் சோர்வும் தணிந்தமையைக் கண்டனர். 2023 யூலையில் அவுஸ்திரேலியா, அனுமதிபெற்ற உளமருத்துவர் சிலோசிபினையும் எம்.டி.எம்.ஏ. என்பதையும் குறித்த சில நோய்களுக்கு வழங்க இசைந்தது. 2024 ஓகஸ்டில் அமெரிக்க அதிகாரசபை எம்.டி.எம்.ஏ.யை ஏற்க மறுத்தது. வழக்கு முடியவில்லை. போரையும் 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் கண்ட இத் துறைமுகத்தில் இராப்பொழுதை அஞ்சும் மாந்தர் பலர் உளர். ஆதலால் இதன் முடிபை யாம் வேடிக்கையாகப் பார்த்திருத்தல் இயலாது.

1961 மே மாதத்தில் தீ அவர் வீட்டையும் நூலகத்தையும் கடிதங்களையும் எரித்தது. தப்பியவற்றுள் ஒன்று ‘தீவு’ நாவலின் கையெழுத்துப்படி. அது 1962 இல் வெளிவந்தது. அதில் வரும் பாலா என்னும் தீவில் இளைஞர் முதலில் செங்குத்தான பாறையில் ஏறுவர். பின்னர்ச் சிவன் கோயிலில் நடராசர் திருமுன்பு, மூத்தோர் உடனிருக்க மோட்ச மருந்தை அருந்துவர். கடலோரப் பாறையுச்சியிற் கோணேசர் வீற்றிருக்கக் காணும் திருகோணமலையார்க்கு இக்காட்சி அயலதாகத் தோன்றாது. அம் மருந்தை இகழும் இளவரசனுக்கு முருகன் என்று பெயரிட்டமைதான் எனக்கு உவப்பாயில்லை! தீவின் சுசீலை, கதைத்தலைவன் மருந்துண்ணும்போது அருகிருந்து சொல்லாலும் தொடுகையாலும் வழிகாட்டுகின்றாள். சோமத்துக்கு இத்தகைய துணையில்லை. வில்லை ஒன்றே உண்டு.

அப்போதே அவர் உடலிற் புற்றுநோய் முற்றியிருந்தது. 1963 நவம்பர் 22 ஆம் நாள் பேச்சற்ற நிலையில், 100 மைக்ரோகிராம் எல்.எஸ்.டி.யைத் தசையிற் செலுத்துமாறு தாளில் எழுதிக்காட்டினார். உளச்சிகிச்சை அறிந்தவரான இரண்டாம் மனைவி லோரா அவ்வாறே செய்தார். ஏறக்குறைய ஒரு மணிநேரத்தின்பின் மறுமுறையும் செலுத்தினார். மரியாவுக்கு அவர் செய்ததுபோல, இப்போது லோரா அவர் செவியருகே மெல்லப் பேசிக்கொண்டிருந்தார். மாலையில் மூச்சு அமைதியாக அடங்கியது. அன்றுதான் அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்டார். ஆதலின் ஹக்ஸ்லியின் மறைவு பலர் செவிக்கு எட்டவில்லை. 1971 இல் அவருடைய சாம்பல் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, கொம்ப்டன் என்னும் ஊரில் பெற்றோரின் கல்லறையில் இடப்பட்டது.