முதுகெலும்பு நோய்க்குப் பெயர் தந்த டாக்டர் பாட்

முதுகெலும்பில் வரும் காசநோயை டாக்டர்கள் இன்றும் பாட் நோய் என்றே குறிப்பிடுகிறார்கள். இந்தப் பெயருக்குரிய பெர்சிவல் பாட் 1714-ல் லண்டனில் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். 15 வயதில் எட்வர்ட் நோர்ஸ் என்ற சர்ஜனிடம் தொழில் கற்கச் சேர்ந்தார். பின்னர் புனித பார்த்தலோமியு ஆஸ்பத்திரியில் சர்ஜனாகி, 1787 வரை பணிபுரிந்தார்.

1756-ல் குதிரையிலிருந்து விழுந்து அவருடைய கால் எலும்பு முறிந்தது. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. மயக்க மருந்து இல்லாத காலம் அது. கண்டபடி தூக்க அவர் யாரையும் விடவில்லை. குளிரில் தரையிலேயே கிடந்தபடி ஒரு கதவை விலைக்கு வாங்கச் சொன்னார். அதில் கழிகளை அடித்து, அதன்மேல் தம்மைச் சுமந்து போகச் செய்தார். காலை வெட்ட எல்லாம் தயாரான நேரத்தில் பழைய குரு நோர்ஸ் வந்து தடுத்தார். கால் பிழைத்தது. படுக்கையில் கிடந்த நாட்களில்தான் அவர் எழுத ஆரம்பித்தார்.

1775-ல் புகைபோக்கி துடைக்கும் தொழிலாளரைப் பற்றி எழுதினார். சின்னஞ்சிறு வயதிலேயே குறுகிய புகைபோக்கிகளுக்குள் ஏற்றிவிடப்பட்ட ஏழைப் பிள்ளைகள் அவர்கள். விதைப்பைத் தோலின் சுருக்கங்களில் கரி படிந்து, பின்னாளில் புற்றுநோய் வந்தது. செய்யும் வேலையே புற்றுநோய் தரும் என்பது அப்போது புதிய செய்தி. 8 வயதுக்குட்பட்டவரை இவ்வேலையில் சேர்க்கக் கூடாது என 1788-ல் சட்டம் வந்தது. அது பெரும்பாலும் ஏட்டோடு நின்றது. அவ்வாண்டு டிசம்பரில் பாட் காலமானார்.

முதுகு கூனிக் கால்கள் செயலிழக்கும் நோயைப் பற்றி அவர் எழுதியது 1779-ல். அடிபட்டதால் எலும்பு விலகியது என்று பலர் நம்பினர். எலும்பே நோயால் அரிக்கப்படுகிறது என்றார் பாட். காசநோய்க் கிருமியைக் கோச் கண்டுபிடித்தது 1882-ல்தான்.

புற்றுநோயும் முதுகெலும்பை இதேபோல் அரிக்கும். தீராத முதுகுவலி, உடல் மெலிவு என்று அறிகுறிகளும் ஏறக்குறைய ஒன்றே. பிரித்தறிய எக்ஸ்ரே உதவுகிறது. அது வந்தது 1895-ல். காசநோய் பெரும்பாலும் அடுத்தடுத்த இரண்டு எலும்புகளைத் தாக்கி, நடுவே மெத்தைபோல் உள்ள டிஸ்க்கையும் கெடுக்கும். படத்தில் அந்த இடைவெளி குறுகித் தெரியும். வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்றுநோய் சாதாரணமாக டிஸ்க்கை விட்டுவிடும். நேர்படத்தில் ஒவ்வொரு எலும்பிலும் இரு கண்கள்போல் தெரியும். அதில் ஒரு கண் காணாமற்போனால் டாக்டருக்குப் புற்றுநோய்ச் சந்தேகம் எழும். எம்.ஆர்.ஐ. படம் இன்னும் தெளிவாகக் காட்டும். ஆனாலும் படங்கள் ஏமாற்றுவதுண்டு. எனவே ஊசியால் துளி சதை எடுத்துச் சோதிக்கிறார்கள். காசநோய்தான் என்று உறுதியானால், பல மாதம் விடாமல் மருந்து சாப்பிடுவோரில் பெரும்பாலோர் குணமடைகிறார்கள்.