பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர்

கணிதமும் இரசாயனமும் எந்நாட்டினர்க்கும் பொதுவாயுள்ள கலைகள். அவற்றைப் போதிக்க வருபவர் எந்தத் தேசத்தவராயினும் மாணாக்கர்க்கு அதனால் குறைவொன்றும் நேர்வதில்லை. பொருளாதார சாஸ்திரமோ அத்தகையதன்று. ஒரு நாட்டு மக்கள் எதை விதைக்கின்றனர், எவரிடம் கடன்படுகின்றனர், எதனை உண்டு உயிர்வாழ்கின்றனர் என்பவற்றோடு பின்னிக் கிடப்பது அது. ஆகவே, இந்நாட்டு மொழியும் வழக்கமும் அறியாத அந்நியர் ஒருவர் நம் பொருளாதாரத்தை நமக்கே கற்பித்தல் கூடுமோ என்னும் ஐயம் எழுதல் இயல்பே. இவ்வையத்திற்குத் தம் வாழ்க்கையாலேயே விடையளித்தவர், சென்னைச் சர்வகலாசாலையின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராய் விளங்கிய கில்பர்ட் ஸ்லேட்டர் ஆவார்.

இவர் 1864ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள பிளிமத் என்னும் துறைமுகப் பட்டினத்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் புனித யோவான் கல்லூரியில் பயின்றார். கல்வி முடிந்தபின் ஏட்டுப் படிப்போடு அமையாது, உழைப்பாளிகளின் நலத்திலும் ஈடுபட்டார். இலண்டனைச் சார்ந்த வுல்விச் நகரில் பொதுப்பணிகள் பல புரிந்து, 1905ஆம் ஆண்டு அந்நகரின் மேயராகவும் அமர்ந்தார்.

அக்காலத்தில் அவர் உள்ளத்தைக் கவர்ந்த ஆராய்ச்சி ஒன்றுண்டு. பண்டை இங்கிலாந்தில் கிராமத்தின் விளைநிலம் வேலியின்றிக் கிடந்தது. குடியானவர் ஒவ்வொருவர்க்கும் அதில் ஆங்காங்கே சிறு துண்டுகள் இருந்தன. மேய்ச்சலுக்கும் விறகுக்கும் புறம்போக்கு நிலம் பொதுவாயிருந்தது. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் பார்லிமெண்டுச் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாய்ப் பிறந்து அந்நிலங்களை வேலியிட்டுப் பிரித்தன. பெருநிலக்காரர் செழித்தனர், சிறு குடியானவர் பலர் நிலமிழந்து கூலிக்காரராயினர். இவ்வரலாற்றை ஸ்லேட்டர் சட்டங்களின் ஏடுகளில் மட்டும் தேடினாரல்லர். பழைய முறை அழியாது எஞ்சியிருந்த லாக்ஸ்டன் முதலிய ஊர்களின் நிலையையும் ஆராய்ந்து தம் நூலில் விவரித்தார். இவ்வாராய்ச்சிக்காக இலண்டன் சர்வகலாசாலை அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. அது 1907ஆம் ஆண்டில் நூலாகவும் வெளிவந்தது. சட்டம் எழுதுவோர் ஒன்று கருத, ஊரில் நிகழ்வது வேறொன்றாயிருக்கும் என்னும் உண்மையை அவர் கற்றது இங்கேதான்.

1909ஆம் ஆண்டில் அவர் ஆக்ஸ்போர்டிலுள்ள ரஸ்கின் கல்லூரியின் தலைவரானார். தொழிலாளர் உயர்கல்வி பெறும்பொருட்டு 1899இல் தோன்றியது அக்கல்லூரி. அவ்வாண்டில்தான் அங்கே தலைவர் ஒருவர் விலக்கப்பட, மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்திருந்தனர். அத்தகைய கலக்கத்தின் பின்னர்ப் பொறுப்பேற்று, ஆறாண்டுகள் ஸ்லேட்டர் அக்கல்லூரியை நடத்தினார். சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்த கையினரே அவர்தம் மாணாக்கர். ஆசிரியரைவிட வாழ்க்கையை நன்கறிந்த மாணவர்க்குக் கற்பித்த அப்பழக்கம் பின்னர் அவருக்குப் பெரிதும் உதவியிருக்கும் என்று எண்ண இடமுண்டு.

நிற்க. 1857இல் நிறுவப்பெற்ற சென்னைச் சர்வகலாசாலை நெடுங்காலம் பரீட்சை நடத்தியும் பட்டம் அளித்தும் வந்ததேயன்றி, தானே ஆசிரியரை வைத்து ஆராய்ச்சி நடத்தும் வழக்கம் அங்கே வேரூன்றவில்லை. ஐரோப்பிய மகாயுத்தம் மூண்ட காலத்தையொட்டியே அங்குச் சர்வகலாசாலைப் பேராசிரியர் பதவிகள் தோன்றின. இந்திய சரித்திரத்துக்கு எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் 1914இல் நியமனம் பெற்றார். மறு ஆண்டு இந்தியப் பொருளாதாரத்துக்கு ஸ்லேட்டர் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது.

வந்தவர் கண்டது யாது? பொருளாதாரம் பயின்ற மாணாக்கர் ஆங்கில நூல்களில் உள்ள ஆலை, பாங்கி, வியாபாரம் ஆகியவற்றின் தத்துவங்களைக் கற்றனர். தம் சொந்த ஊரில் எத்தனை ஏர் உழுகின்றன, பண்ணையாளுக்கு என்ன கூலி, கடனுக்கு என்ன வட்டி என்பன பாடத்தில் இடம்பெறவில்லை. ஸ்லேட்டருக்கோ இந்நாட்டுக் கிராமங்கள் புதியவை. ஆசிரியருக்குத் தெரியாததை மாணாக்கர் எளிதில் அறியக்கூடும். மாணாக்கர்க்குத் தெரியாத ஆராய்ச்சி முறையை ஆசிரியர் அளிக்கக்கூடும். இவ்விரண்டையும் இணைத்ததே அவருடைய அருஞ்செயல்.

பெரும்பாலான மக்கள் வாழுமிடம் கிராமமே என்பதும், நகரம் கிராமத்தை நம்பி வாழ்வதேயன்றிக் கிராமம் நகரத்தை நம்பியதன்று என்பதும் அவர் கொண்ட கருத்து. ஆதலின் வினாக்கோவை ஒன்றைத் தயாரித்து, விடுமுறைக்குத் தம் ஊர் செல்லும் மாணவர் கையில் கொடுத்தார். நிலம், நீர்ப்பாசனம், பயிர், கால்நடை, கைத்தொழில், கடன் முதலிய யாவும் விசாரித்து எழுதி வருமாறு பணித்தார். இவ்வாறு 1916ஆம் ஆண்டையொட்டித் திரட்டப்பெற்றவை 1918இல் தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றைப் பற்றிய ஒரு நூலாக வெளிவந்தன. ஸ்லேட்டர் பதிப்பாசிரியராக நின்று, எழுதிய மாணவர் பெயரையே அவரவர் கட்டுரைக்கு இட்டார். தம் மாணாக்கரின் உழைப்பைத் தமதென்று கொள்ளாத அப்பண்பு போற்றற்குரியது.

அந்நூலில் இடம்பெற்ற தமிழ்நாட்டு ஊர்கள் ஐந்து: இராமநாதபுரம் ஜில்லாவில் வடமலாபுரம், திருநெல்வேலியில் கங்கைகொண்டான், தஞ்சாவூரில் பாலக்குறிச்சி, வடஆர்க்காட்டில் தூசி, தென்னார்க்காட்டில் இருவேல்பட்டு. ஜில்லாப் பெயர்கள் அக்காலத்து எல்லைப்படியானவை. புகழ்பெற்ற கோயிலோ அரண்மனையோ பற்றியன்று அக்கட்டுரைகள். உழவரும் கடன்பட்டோரும் கூலியாட்களும் அவற்றில் இடம்பெற்றனர். இருவேல்பட்டில் பெற்ற கடனுக்கு ஈடாகப் பண்ணையில் கட்டுண்டு உழைத்த படியாட்களின் நிலையும் அங்கே பதிவாயிற்று. எழுதியோர் கல்லூரியிற் பயிலும் வாய்ப்புப் பெற்ற குடும்பத்தினர். படியாளின் குடிசையிலிருந்து நோக்கியிருப்பின் அவ்வூர் வேறுவிதமாய்த் தோன்றியிருக்கும் என்பதை நாம் மறத்தல் ஆகாது. ஆயினும், எழுதாமற் போயிருப்பின் அவ்வளவும் அறவே மறைந்திருக்கும்.

1921ஆம் ஆண்டில் அவர் பேராசிரியர் பதவியினின்றும் நீங்கினார். 1924இல் இந்தியப் பண்பாட்டில் திராவிடக் கூறு என்னும் பொருள்பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இந்திய நாகரிகத்தில் தென்னாட்டினரின் பங்கு பெரிதென்று அவர் துணிந்து வாதித்தமை தமிழ் மக்கள் நினைக்கத்தக்கது. எனினும், இனங்களைப் பற்றி அதிற் கூறப்பட்டவை பல அக்காலத்து ஊகங்கள். இற்றை ஆராய்ச்சி அவற்றை ஏற்பதில்லை. 1936இல் தென்னிந்தியாவின் அரசியல், பொருளாதாரப் பிரச்சினைகளைக் குறித்துத் தம் அனுபவங்களோடு மற்றொரு நூல் இயற்றினார். 1938ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

அவர் விதைத்த வித்தோ அவருடன் மாயவில்லை. பின்னர் அதே சர்வகலாசாலையிற் பேராசிரியராயமர்ந்த பி. ஜே. தாமஸ், கே. சி. இராமகிருஷ்ணனோடு சேர்ந்து அவ்வூர்களை மீண்டும் ஆராய்ந்து 1940இல் நூல் வெளியிட்டார். 1961இல் மார்கரெட் ஹாஸ்வெல் அம்மையார் அவற்றுட் சிலவற்றுக்குச் சென்றார். இருவேல்பட்டு 1981இலும் 2008இலும் திரும்பவும் ஆராயப்பெற்றது. ஒரே ஊரை ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் தலைமுறை தலைமுறையாய் அறிஞர் நோக்கி வருதல் உலகில் அரிதே. படியாள் முறை ஒழிந்ததையும், உழைப்பாளர் வயலைவிட்டு வேறு தொழில்களை நாடியதையும் இன்று நாம் திட்டமாய்க் கூற முடிவது, ஒப்புநோக்குதற்கு முதற்கணக்கொன்று இருத்தலினாலன்றோ!

அந்நியர் ஒருவர் நம் பொருளாதாரத்தைக் கற்பித்தல் கூடுமோ என்னும் வினாவுக்கு இனி விடை கூறலாம். தாம் அறிந்ததையே ஓதிச் செல்பவராயின் கூடாது. மாணாக்கரைத் தம் ஊரை நோக்கித் திருப்புபவராயின் கூடும். பிறநாட்டுப் பேராசிரியர் நம் கலாசாலைகளுக்கு வருவதும் போவதும் இன்றும் நிகழ்வதே. அவர் வரும்போது குறிப்புப் புத்தகத்துடன் மட்டும் சென்று அமராமல், நம் ஊரைப்பற்றி அவர் கேட்பதற்கு விடையும் கொண்டு செல்வோமாக. வரும் விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர், தம் ஊரின் ஏரி எத்தனை ஏக்கருக்குப் பாய்கின்றது என்பதையேனும் விசாரித்து எழுதிவைத்தல் நன்று. நூறாண்டுக்குப்பின் அதனைத் தேடுவார் ஒருவர் உளராதல் கூடும்.